சகலையின் ஜீரோ

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி மாலதி வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் எல்லார் மேலும் எனக்குப் பொறாமை வராது. பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் மனதார வாழ்த்துவேன். என் பொறாமை முழுவதும் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஒருவனுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது. அவன் என் சகலை முரளி. மாலதியின் தங்கை சுகந்தியின் கணவன்.

மாமனார் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். நாங்கள் புத்தூர், முரளி காட்டூர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவோம். மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சோறு, சாம்பார் எல்லாம் மாமியார் பரிமாறுவார். அப்பளம் மட்டும் மாமனார் கையால்தான் வரும். ஒவ்வொரு முறையும் முரளிக்கு மூன்று அப்பளம் விழும், எனக்கு இரண்டு. (நாற்பது வயதில் அப்பளம் எண்ணுகிறாயா என்று கேட்காதீர்கள். முப்பத்தைந்திலிருந்தே எண்ணுகிறேன்.) மூத்த மாப்பிள்ளை நான். எனக்கு ஒரு அப்பளம் குறைகிறதென்றால் அதற்கு என்ன அர்த்தம்?

முரளியிடம் குறை சொல்லவும் எதுவும் கிடைக்காது. குரலை உயர்த்த மாட்டான். மாமனார் வீட்டு மோட்டார் நின்றுபோனால், எலக்ட்ரீஷியனுக்கு நான் போன் போடுவதற்குள் அதை ஓட வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பான். போதாததற்குத் தலை நிறைய முடி. இப்படிப்பட்ட ஒருவன் சகலையாக வாய்த்தால் மனிதன் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது?

இதில் என் சொந்தச் செலவில் நான் வைத்துக்கொண்ட சூனியம் ஒன்றும் உண்டு. "சின்ன மாப்பிள்ளை பெங்களூர்ல கிடந்து கஷ்டப்படறார். உங்க ஆபீஸ்லயே சொல்லிப் பாருங்களேன்" என்று மாமனார் கேட்டபோது, பெருந்தன்மையைக் காட்டும் ஆசையில் நானே சிபாரிசு செய்து அவனைத் திருச்சிக்கு, என் அலுவலகத்துக்கே, அதுவும் என் எதிர் நாற்காலிக்கே கொண்டுவந்து சேர்த்தேன்.

எங்கள் அலுவலகம் ஒரு வங்கியின் மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்கிறது. மெயின்ஃபிரேம் என்றால் இரண்டு பீரோ அகலத்துக்கு நிற்கும் ராட்சசக் கம்ப்யூட்டர். அதை இயக்கும் அடிப்படை மென்பொருள் லினக்ஸ். வாடிக்கையாளர்களுக்குப் போகும் மாதாந்திர அறிக்கைகளை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது என் புரோகிராம். கார்டு தேய்க்கும்போது பறக்கும் தகவல்களைப் பூட்டுவது முரளியின் புரோகிராம்.

இப்படிப் பூட்டுவதற்கென்றே அந்த மெஷினின் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி உண்டு. மின்னல் வேகத்தில் வேலையை முடித்துவிடும். புரோகிராம் அதைக் கூப்பிடாமல் தானாகவே கணக்குப் போட்டும் பூட்டலாம். பூட்டு ஒன்றுதான், ஆனால் நேரம் பிடிக்கும். வீட்டில் கிரைண்டர் சும்மா நிற்க, அம்மியில் அரைப்பது போல. சட்னியைத் தின்று பார்த்தால் எதில் அரைத்தது என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது, அரைத்தவரின் தோள்பட்டைக்குத்தான் தெரியும்.

போன வருஷம் வங்கிக்காரர்கள் புகார் அனுப்பினார்கள். கூட்ட நேரத்தில் மெஷின் திணறுகிறது, காரணம் தெரிய வேண்டும் என்றார்கள். எங்கள் மேலாளர் ஜமீலா மேடம் இருவரையும் கூப்பிட்டார். பெரிய கடைவீதிப் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார், பேசினால் மறுபேச்சு இருக்காது.

"அடுத்த மாசம் டீம் லீடர் போடணும். நீங்க ரெண்டு பேர்தான் லிஸ்ட்ல இருக்கீங்க. யாரு இந்தத் திணறலுக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறாங்களோ அவங்க பேரைத்தான் மேல எழுதப் போறேன். இன்ஷா அல்லாஹ் பத்து நாள்ல முடிச்சிடுங்க."

முரளி என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணே, ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துடலாமே?"

"தாராளமா" என்றேன். அன்று மதியமே தனியாக ஆரம்பித்துவிட்டேன்.

முரளி எனக்குப் பின்னால், என் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் லீடரானால் நான் அவனிடம் லீவு கேட்க வேண்டும். அந்தச் செய்தி ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எனக்கு அப்பளம் ஒன்றாகக் குறைந்துவிடும். இந்த நினைப்பிலேயே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்தக் கவுண்டர்கள் என் கண்ணில் பட்டன. சிப்புக்குள் பூட்டும் பகுதி எத்தனை தடவை வேலை செய்தது என்பதை சிப்பே எண்ணி வைத்துக்கொள்கிறது. எந்த முறைப் பூட்டு எத்தனை தடவை, மொத்தம் எத்தனை என்று வகைக்கு ஒரு கவுண்டர். லினக்ஸில் பெர்ஃப் என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்தப் புரோகிராமை வேண்டுமானாலும் குறிவைத்து அந்த எண்களைப் படிக்கலாம். கிரைண்டருக்கென்று தனி மீட்டர் வைத்த மாதிரி. அடுத்தவன் இலையில் விழுந்ததை எண்ணியே பழகிய எனக்கு இது கடவுளாகப் பார்த்து அனுப்பிய கருவி.

முரளியின் புரோகிராமைக் குறிவைத்து ஓட்டினேன். மொத்தம்: ஜீரோ.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். ஜீரோ. மறுநாள் உச்சகட்டக் கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் ஓட விட்டேன். லட்சக்கணக்கில் கார்டு தேய்க்கிறார்கள், எண் அசையவே இல்லை. ஆக, சர்வ லட்சணங்களும் பொருந்திய சின்ன மாப்பிள்ளை கிரைண்டரை மூடி வைத்துவிட்டு இத்தனை நாளும் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்திருக்கிறான்! அந்த மாதிரிச் சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. (இதை மாலதி படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

என் புரோகிராமையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். எதற்குப் பார்க்க வேண்டும்? அது நான் எழுதியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மாலதி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"முரளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?"

"இது ஆபீஸ் விஷயம்."

"மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவரை நிக்க வைக்கப் போறீங்களா?"

"நான் எங்க நிக்க வைக்கிறேன்? எண்ணு நிக்க வைக்குது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வெண்டைக்காய் வழக்கத்தைவிடப் பொடியாக இருந்தது.

மீட்டிங்குக்கு முந்தின ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் சாப்பாடு. முரளியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நாளைக்குத் தலை குனியப் போகிறான், இன்றைக்காவது நிறைவாகச் சாப்பிடட்டும் என்று என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவன் இலையில் வைத்தேன். பந்தியே திரும்பிப் பார்த்தது.

"என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றான் முரளி.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி. திரையில் வங்கி அதிகாரிகள் மூன்று பேர், அறையில் ஜமீலா மேடம், நான், முரளி. நல்ல நீலச் சட்டை போட்டுப் போயிருந்தேன். பத்து நிமிஷம் முன்னுரை பேசிவிட்டுக் கடைசிப் படத்தைப் போட்டேன். சுவர் முழுக்க ஒரே ஒரு ஜீரோ, சிவப்பில். அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"கார்டு புரோகிராம் ஒரு தடவைகூட சிப்பைத் தொடலை. திணறலுக்கு இதுதான் காரணம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முரளி பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவன் முகம் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன்.

ஜமீலா மேடம் கேட்டார். "மெஷின்ல அந்த வசதி வேலை செய்யுதா முதல்ல?"

முரளி தன் லேப்டாப்பை இழுத்துக்கொண்டான். லினக்ஸோடு கூடவே வரும் சாதாரண லைப்ரரியை வைத்து ஒரு சின்னச் சோதனை ஓட்டினான். பூட்டும் வேலைக்கான பொதுவான கட்டளைகள் அடங்கிய தொகுப்புதான் லைப்ரரி. எல்லாப் புரோகிராமும் அப்படி ஒன்றை நம்பித்தான் ஓடும். கவுண்டர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஓடியது. சிப் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப உங்க புரோகிராம் எந்த லைப்ரரியை எடுக்குது, முரளி?"

அவன் ஒரு கட்டளை அடித்தான். பதில் பெரிய திரையில் வந்தது. லைப்ரரி இருக்கும் ஃபோல்டரின் பெயர்: பாலா.

பாலா நான்தான்.

அந்த நிமிஷத்தில் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. முரளி வருவதற்குச் சில வருஷம் முன்னால் அந்த லைப்ரரியை எங்கள் மெஷினுக்கென்று நானே தனியாகத் தயாரித்தேன். பாதியில் ஏதோ பிழை வந்தது. சாப்பாட்டு நேரம், நல்ல பசி. சிப்பைக் கூப்பிடும் பகுதியை மட்டும் சேர்க்காதே என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பிழை போய்விடும் என்று தெரிந்தது. சேர்த்தேன், போய்விட்டது. சாப்பிட்டு வந்து சரிசெய்யலாம் என்று போனவன், வந்ததும் வேறு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். பூட்டு சரியாகத்தான் விழுந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெருமைக்கு என் பெயரையே ஃபோல்டருக்கும் வைத்தேன்.

அது மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. முரளி சேர்ந்த முதல் வாரம், "அண்ணே, லினக்ஸோட வர்றதையே வச்சுக்கிறேனே?" என்று கேட்டான். சகலை நம் லைப்ரரியை உபயோகிக்காமல் போவதாவது! இனி எல்லாரும் என் லைப்ரரியைத்தான் எடுக்க வேண்டும், கட்டாயம் என்று அலுவலகம் முழுக்க மெயில் அனுப்பினேன். மெயிலில் கட்டாயம் என்ற வார்த்தைக்குக் கோடு வேறு போட்டிருந்தேன்.

திரையிலிருந்த வங்கி அதிகாரி கேட்டார். "ஹூ இஸ் பாலா?"

நான் கையைத் தூக்கினேன். ஸ்கூலில் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் எழுந்திருங்கள் என்று சொன்னபோதுகூட அவ்வளவு மெதுவாகத் தூக்கியதில்லை.

"உங்க புரோகிராமையும் ஒரு தடவை ஓட்டிடுங்க, பாலா" என்றார் ஜமீலா மேடம். ஓட்டினேன். ஜீரோ. என்னுடைய சிவப்பு ஜீரோ சுவரிலும், புது ஜீரோ லேப்டாப்பிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது முரளி தொண்டையைச் செருமினான். இதோ ஆரம்பிக்கிறான், மெயிலை எடுத்துக் காட்டப் போகிறான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் காட்டியிருப்பேன், பெரிய எழுத்தில்.

"சார், இது நம்ம டீமோட லைப்ரரி. தயாரிக்கிறப்ப ஒரு இடத்துல விட்டுப்போச்சு. கவுண்டரைப் பார்க்கணும்னு அண்ணனுக்குத் தோணினதாலதான் இப்ப பிடிபட்டுச்சு. நாளைக்கு மாத்திடறோம்."

நம்ம லைப்ரரியாம்! திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். காட்டிக் கொடுத்திருந்தால் வாழ்நாள் முழுக்க வெறுத்து நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். பெருந்தன்மையிலும் அவனுக்குத்தான் மூன்று அப்பளம்.

மறுநாள் லைப்ரரியை மாற்றினார்கள், திணறல் நின்றது. அடுத்த மாதம் முரளி டீம் லீடரானான். நான் அவனுக்குக் கைகொடுத்தேன். வாய் சிரித்தது, முகம் எப்படியிருந்தது என்று தெரியாது.

முரளி வீட்டில் சொல்லி, சுகந்தி மூலமாக ஸ்ரீரங்கம் வரை போய்விடுமே என்று பயந்து, என் பக்க நியாயத்தோடு மாலதியிடம் நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவள் சுகந்தியிடம் சொன்னாள். சுகந்தி ஆச்சரியப்பட்டுப் போனாளாம். முரளி வீட்டில் மூச்சே விடவில்லை. ஆக, அதையும் ஊருக்குச் சொன்னவன் நானே.

அதற்கடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் பந்தி. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பது அதிலிருந்தே தெரிந்தது. மாமனார் அப்பளத் தட்டோடு வந்தார். முரளி இலையில் மூன்றாவது விழுந்தது. எத்தனை பட்டாலும் கண் போகிற இடத்துக்குத்தானே போகும்? மாலதியைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினேன்.

"என்ன, உங்க கவுண்டர் என்ன காட்டுது?" என்றாள் அவள், சத்தமாகவே.

"அவனுக்கு மூணு. எனக்கு ரெண்டு."

"முதல்ல உங்க மெஷின்ல ஓட்டிப் பாருங்க. உங்களுக்கு இன்னிக்கு நாலு. முதல் ரெண்டையும் அவர் இலையைப் பார்த்துக்கிட்டே தின்னு முடிச்சிட்டீங்க. நான் போன தடவையிலிருந்தே எண்ணுறேன்."

மாமனாரைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் தட்டைப் பிடித்தபடி தலையை ஆட்டினார். "மூத்த மாப்பிள்ளைக்கு எப்பவும் நாலுதாங்க. கல்யாணமான நாள்லேருந்து."

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். சுகந்திக்குப் புரையேறியது.

இன்றைக்கும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாராவது யார் மேலாவது குறை சொன்னால், "முதல்ல உன் மெஷின்ல ஓட்டிப் பாரு" என்கிறார்கள். கவுண்டர் என்றால் என்ன, லினக்ஸ் என்றால் என்ன என்று தெரியாத என் மாமியார் பால்காரரிடமே சொல்லிவிட்டார். ஆறாவது படிக்கிற என் மகள் கணக்குப் பாடத்தில் குறைந்த மார்க் வாங்கிவந்த அன்று நான் கத்த ஆரம்பித்ததும் இதைத்தான் சொன்னாள்.

முரளி மட்டும் இன்றுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, தன் இலையிலிருந்த மூன்றாவது அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தான்.

"சாப்பிடுங்க அண்ணே. நம்ம இலைதானே."

ஐந்தையும் தின்றேன். நாளைக்கு அவனிடம் இரண்டு நாள் லீவு கேட்க வேண்டும். உடனே கொடுத்துவிடுவான், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.