பல்லக்காவின் கரிப் புட்டி

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் பல்லக்காதான். செங்கல்பட்டு லேடீஸ் ஹாஸ்டலில் நான் பெட்டியோடு நுழைந்த அன்று, அறைத் தோழியான அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "தா சொல்லு" என்றார். சொன்னேன். "நாக்கு நுனி பல்லுல பட்டுச்சா, ஈறுல பட்டுச்சா?" இருபத்து மூன்று வருடமாக இந்த நாக்கோடுதான் வாழ்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சொந்த வீட்டுக்குக் கதவு எங்கே என்று தெரியாதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

அவர் ஊர் திண்டுக்கல். மொழியியல் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சி மொத்தமும் த, ந என்ற இரண்டைப் பற்றி. நாக்கு மேல்பல்லைத் தொட்டுப் பிறப்பதால் இவற்றுக்குப் பல்லொலி என்று பெயர்; அக்கா பல்லக்கா ஆனதும் அதனால்தான். ஆனால் சிலருக்கு நாக்கு பல் பக்கமே போகாமல் ஈறிலேயே நின்றுவிடுமாம். அதற்கும் அதே பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடுகிறார்கள் என்று பொங்குவார். "பேரை நம்பாதடி. வாயைத் திறந்து பாரு."

திறந்து பார்த்தார். அதுதான் பயங்கரம். கொட்டாங்கச்சிக் கரியை மாவாக இடித்து, நல்லெண்ணெயில் குழைத்து, பிரஷ்ஷால் உங்கள் நாக்கில் பூசுவார். ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, எச்சில்கூட விழுங்காமல் வாயைப் பிளந்தபடி நிற்க வேண்டும். வெந்நீரில் சூடாக்கிய சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, கரி எங்கே ஒட்டியிருக்கிறது என்று போனில் படம் பிடிப்பார். போதாததற்கு, மேல்வாயை அச்செடுத்து பிளாஸ்டரில் வார்த்தும் வைப்பார். அலமாரியில் என் சுடிதார்களுக்கு மேல்தட்டில் பத்தொன்பது வாய்கள். முகம் கிடையாது, நாக்கு கிடையாது. துப்பட்டா எடுக்கப் போனால், பத்தொன்பது பேரும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கும். ஒன்றின் கீழே என் பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறி சதுரங்கப்பட்டினம் போவோம். மீனவக் குப்பத்தில் அவரைப் பல் டாக்டர் என்றே நினைத்தார்கள். கடைவாய்ப் பல் வலி என்று வந்தவர்களுக்கு வலி போகவில்லை; நாக்குதான் கறுத்தது.

ஒரு நாள் மீன் விற்கும் பொன்னம்மா வந்தார். வாயில் ஒரு பல் கிடையாது. புதையல் கிடைத்தது போலப் பல்லக்கா புட்டியைத் திறந்தார். டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டையின் சுவரோரம், கடலைப் பார்த்து உட்காரவைத்து, கரி பூசி, தா சொல்லவைத்தார். பல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் ஈறில், பிறை மாதிரி கரித் தடம். "பல்லே இல்லாத பல்லொலி. இதுக்கு என்னடி பேர் வைக்கிறது?" என்று பஸ்ஸில் வழிநெடுக என்னைப் பிடுங்கி எடுத்தார்.

மறுநாள் பொன்னம்மாவின் மகனுடைய வலையில் தூக்க முடியாத அளவு மீன். கருநாக்கால் சொன்னது பலிக்கும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாக்கில் பிறவியிலேயே கறுப்பு இருந்தால் என்ன, பல்லக்கா பூசினால் என்ன? பொன்னம்மா கடலைப் பார்த்துத் தா என்றார், கடல் தந்துவிட்டது.

அடுத்த வாரம் வரிசை நின்றது. மண்டையோடு செதுக்கிய டச்சுக் கல்லறைகளுக்கு வெளியே, உச்சி வெயிலில், பன்னிரண்டு பெண்கள் கறுத்த வாயைப் பிளந்து, கடலைப் பார்த்து, சத்தமே இல்லாமல். நான் ஓரடி பின்னால் போனேன். பல்லக்கா என் காதில், "பன்னெண்டு சாம்பிள்டி" என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு வரிசை இல்லை. குப்பத்துச் செல்வி மட்டும் நின்றாள். அவள் புருஷன் கடலுக்குப் போய் மூன்று நாள். மறுநாளே திரும்பியிருக்க வேண்டிய படகு. போனும் எடுக்கவில்லை.

"அக்கா, எனுக்குக் கரி தடவு. வந்துடுன்னு ஒரு வாட்டி சொல்லிக்கிறேன்."

பழக்கதோஷம். பல்லக்கா விளக்க ஆரம்பித்துவிட்டார். வந்துடு சரிப்படாது, ந்து பல்லில் படும், டு மேலே மடங்கிப் படும், இரண்டு தடமும் கலந்து படம் கெட்டுவிடும், அதனால் தா என்று மட்டும்...

"உன் படம் எனுக்கு இன்னாத்துக்குக்கா? எனுக்கு அவுரு வோணும்."

பல்லக்கா பாதிப் பேச்சில் வாயை மூடி அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைப் பைக்குள் போட்டார். போனையும் போட்டார். செல்வியின் நாக்கில் நுனி முதல் அடி வரை கரி பூசினார்.

அலை காலைத் தொடும் இடத்தில் நின்று செல்வி சொன்னாள். கறுப்பு மங்க மங்கத் திரும்பி வந்து நாக்கை நீட்டினாள். பல்லக்கா மறுபடி பூசினார். பிறகு பொன்னம்மா வந்தார். பிறகு மற்றவர்கள். யாரும் கத்தவில்லை. கடலின் காதுக்குள் சொல்வது போல, வந்துடு, வந்துடு என்று கரை நெடுக ஒரே முணுமுணுப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், அலைச் சத்தம் குறைந்தது.

ஆறு மாத ஆராய்ச்சிக்கான கரி. புட்டியில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்துத் தன் நாக்கில் பூசிக்கொண்டு, செல்வி பக்கத்தில் போய் நின்றார், படம் பிடித்துக் காட்டாத எதையும் நம்பாத அந்தப் பெண்.

திரும்பும் பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலை நீட்டி, வாய் கொப்பளிக்கச் சொன்னேன். "படகு வரட்டும்" என்றார். அந்த வாயைப் பார்த்து முன் சீட்டுக் குழந்தை வீல் என்று அலறியது.

செவ்வாய்க்கிழமை காலை செல்வியின் போன். இன்ஜின் பழுதாகி மிதந்துகொண்டிருந்த படகை வேறொரு படகு கட்டி இழுத்து வந்துவிட்டதாம், ஆள் சுகமாம்.

"இன்ஜின் கோளாறு. வேற ஒண்ணும் கிடையாது, புரியுதா?" என்று பல்லக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகப் பல் துலக்கப் போனார்.