காக்கை இறகு வேண்டாமென்ற தூவல் சாமி

கொச்சி மட்டாஞ்சேரியில் பிடிவாதத்துக்குக் கோயில் கட்டினால் மூலவராகத் தூவல் சாமியைத்தான் உட்கார வைக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவருடைய முயலுக்கு மறுத்துப் பேசினால் அதிலும் ஒரு கால் குறையும்.

மிளகு வியாபாரத்தில் தரம் பார்த்து ஓய்வுபெற்றவர். சுத்த சைவம், வெங்காயத்தையே சந்தேகத்தோடு பார்ப்பார். இடது காதருகே வளர்த்து, மை பூசி, வழுக்கையைத் தாண்டி வலது காதுவரை வாரிய ஒரு கற்றை முடிதான் அவருடைய சொத்து. கடற்காற்று அடித்தால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் பேசுவார்.

அவருக்குத்தான் போன வருஷம் கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துத் தூண்டில் ஆசை வந்தது. சாதாரணத் தூண்டில் இல்லை. முள்ளில் இறகும் நூலும் கட்டிக் குஞ்சு மீன் மாதிரி ஜோடித்து, பெரிய மீனை ஏமாற்றிப் பிடித்து, தடவிக்கொடுத்துத் திரும்பவும் தண்ணீரிலேயே விடுகிற விளையாட்டு. அந்தப் பொய் இரைக்கு ஃப்ளை என்று பெயர்.

“புழு வேண்டாம், செம்மீன் வேண்டாம், கொலை வேண்டாம். இது சைவத் தூண்டிலாக்கும்” என்று சாயாக்கடையில் அறிவித்தார்.

படகுக்கார ஔசேப்பு சேட்டன் சிரித்த சிரிப்பில் அவருடைய சாயா பாதி கீழே சிந்தியது. இறகைக் கடிக்கிற பைத்தியக்கார மீன் கொச்சியில் கிடையாது என்றார். சாமி விடவில்லை. கடைசியில் பந்தயம் முடிவானது. படகில் போகிற அன்று மத்தியானத்துக்குள் ஒரு மீனாவது கடிக்காவிட்டால், எல்லோரையும் போல உயிருள்ள செம்மீனை, அதாவது இறாலை, சாமி தன் கையாலேயே முள்ளில் குத்த வேண்டும். சாமியின் முகம் வெளிறியது. ஆனாலும் சம்மதம் என்றார்.

அன்றிலிருந்து ஃப்ளை தேர்வு. தோப்பும்படி துறைமுகத்துக்கு மூக்கில் கைக்குட்டையோடு போய், மீன் வெட்டுகிற அம்மாளிடம் ஒவ்வொரு மீனும் கடைசியாக என்ன சாப்பிட்டது என்று விசாரித்தார். மீன் வாங்காமல் வயிற்றை மட்டும் பார்க்கிற மனிதரை அவள் சுகாதார அதிகாரி என்று நினைத்துக் கூடையை மூடிவிட்டாள். பிறகு கோயில் வாசலில் புறாக்கள் உதிர்த்த வெள்ளை இறகுகளைப் பொறுக்கினார். அதனால்தான் தூவல் சாமி என்ற பெயரே வந்தது. தூவல் என்றால் இங்கே இறகு. மினுமினுப்புக்குத் தன் மனைவியின் கூரைப்புடவையிலிருந்து ஜரிகையை உருவினார். மாமி ரசத்தில் உப்பைக் குறைத்துப் பழிவாங்கினாள்.

டப்பா முழுக்க வெள்ளை வெளேரென்று ஃப்ளைகள். கலங்கல் தண்ணீரில் கறுப்புதான் மீன் கண்ணுக்குத் தெரியுமாமே, ஊரெல்லாம் காக்கை இறகு கிடக்கிறதே என்று, சாயாக்கடையில் தினமும் அவர் பக்கத்தில் உட்காருகிற நான் கேட்டேன்.

“காக்கா பித்ருவாக்கும். தாத்தாவோட எறகைக் கட்டி மீன் பிடிக்கச் சொல்றயோ?”



பந்தய நாளன்று படகில் நாங்கள் மூவர். முதல் நாள் பெய்த மழையில் தண்ணீர் சாயா நிறத்தில் ஓடியது. சாமி ஒரு கையில் முடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீசினார். முதலில் ஔசேப்பு சேட்டனின் லுங்கி மாட்டியது. அடுத்து என் குடை. வெள்ளை ஃப்ளை ஒவ்வொன்றாகக் கலங்கலில் மறைந்து, கடிபடாமலே திரும்பியது. வெயில் உச்சியை நெருங்கியதும், சேட்டன் செம்மீன் டப்பாவைச் சாமியின் முன்னால் நகர்த்தினார். உள்ளே ஒரு செம்மீன் துள்ளியது. சாமி அதையே பார்த்தார். 

“கத்தியைக் கொண்டா” என்றார்.

நான் தடுப்பதற்குள் இடது காதருகே ஒரே இழுப்பு. இத்தனை வருஷம் காற்றுக்குக்கூடக் கொடுக்காத கற்றை கையோடு வந்துவிட்டது. வெள்ளை இறகைப் பிய்த்தெறிந்துவிட்டு, அதே முள்ளில் அந்தக் கறுப்பு முடியை ஜரிகை சுற்றிக் கட்டினார்.

“இது யாரோட தாத்தாவும் இல்லை. என் சொந்தச் சரக்கு.”

பிடித்துக்கொள்ள முடி இல்லாததால் அன்று முதல்முறையாக அவருக்கு இரண்டு கையும் வீசக் கிடைத்தன. வீச்சு நேராகப் போய் விழுந்தது. கழி வளைந்தது. சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். வந்தது நல்ல கொழுத்த காளாஞ்சி, தமிழில் கொடுவா மீன்.

சாமி கையை நனைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு மீனைத் தொட்டார். முள்ளை மெதுவாகக் கழற்றினார். “மாப்புடா கண்ணா” என்று சொல்லித் தண்ணீரில் விட்டார். சேட்டன் தலையில் கைவைத்தார்.

“எண்டே சாமீ, அது ஹோட்டலுக்குப் போகேண்டிய மீனல்லே!”

சாமி அதோடு நிற்கவில்லை. செம்மீன் டப்பாவை எடுத்து அதையும் தண்ணீரில் கவிழ்த்தார். கோபித்துக்கொள்ள வேண்டிய சேட்டன், கரை வரும்போது தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார். சாமி வாங்கவில்லை. வெயில் படட்டும் என்று சொல்லிவிட்டு, வழுக்கை பளபளக்கக் கடைத்தெரு நடுவில் நடந்தார். அதற்குப் பிறகு அந்த முடியை அவர் வளர்க்கவே இல்லை.

எனக்கும் இப்போது முன்பக்கம் கொட்டுகிறது. பக்கவாட்டில் நீளமாக விட்டு இந்தப் பக்கம் வாரிவிடலாம் என்று முடிதிருத்துகிறவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். நாளைக்குச் சாயாக்கடையில் சாமிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமே.