மஞ்சூர் வெயில்

"ஏனம்மிணி, மூஞ்சியெல்லாம் இப்பிடிக் கருத்துக் கெடக்குது?"

தேயிலை ஃபேக்டரிக்கு வெளியிலிருந்து இலை மூட்டையை எடைக்கு இறக்க வந்த இருளப்பன் கேட்டதும், எடை எழுதும் சுஜாதாவின் கை கன்னத்துக்குப் போனது. காலையில் அப்பிய பவுடர் கரைந்திருந்தது.

"வெயிலுங்க."

மஞ்சூரில் ஒரு வாரமாக அடைமழை. எதிரே இருந்த தேயிலைக் காடே மூடுபனியில் தெரியவில்லை.

"ஆமாமா, வெயில் சாஸ்திதான்" என்று குறுக்கே வந்தார் சூப்பர்வைசர் ராஜரத்தினம். அன்றே அவளை உள்ளே தூள் சலிக்கும் பக்கம் மாற்றினார்.

அது மங்கு. கர்ப்பத்தில் சிலருக்கு முகத்தில் இப்படி நிறம் ஏறும், பிள்ளை பிறந்தபின் மெல்ல வெளுக்கும் என்று அறிவியல் படித்த சுஜாதாவுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது. முதல் தடவை மாதம் தள்ளியதுமே ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள், கரு தங்கவில்லை. இந்தத் தடவை ஐந்து மாதம் முடியும்வரை மூச்சு விடக்கூடாதென்று மாமியார் பாலாமணி சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். வயிற்றை மறைக்க ஸ்வெட்டரும் சால்வையும் இருந்தன. முகத்துக்கு ஸ்வெட்டர் கிடையாது.

சலிக்குமிடத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, தூசி அலர்ஜி என்றாள். மறுநாளே ஆபீசில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே டியூப்லைட் வெளிச்சத்தில் மங்கு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். இரண்டு கன்னத்திலும் ஒரே அளவாகவா என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிறகு கேன்டீனில் அவளுக்கு மட்டும் தனி ஃப்ளாஸ்க் வந்தது. அவள் உட்கார வந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். ஒட்டும் வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்தது வேலை போகும்.

சனிக்கிழமை ராஜரத்தினம் தயங்கித் தயங்கி வந்தார்.

"திங்கக்கெழமைல இருந்து நீங்க பஸ்ல வர வேண்டாங்க. ஜீப்பு ஊட்டுக்கே வரும்."

பஸ்ஸில்கூட மற்றவர்களோடு விடமாட்டார்களாம். சுஜாதா நேரே கேன்டீனுக்குப் போய், டீ போடும் தெய்வம்மாவிடம் உடைந்து அழுதாள்.

"அக்கா, இது ஒட்டற வியாதி இல்லீங்க. சாமி குத்தம் வந்தாலும் வரட்டும், சொல்லிப்போடறேன். நான்..."

தெய்வம்மா பதறி அவள் வாயைப் பொத்தினாள்.

"சொல்லிப்போடாத கண்ணு. உங்கத்தை போன மாசமே வந்து, 'எம் மருமக முழுகாம இருக்கறது ஒருத்தருக்குந் தெரியக்கூடாது'ன்னு, ஃபேக்டரில ஒருத்தர் விடாமச் சூடம் அணைச்சுச் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."