காற்று மேய்ப்பவர்

மனிதர்களில் மீன் வளர்ப்பவர் உண்டு, புறா வளர்ப்பவர் உண்டு, மீசை வளர்ப்பவர் உண்டு. காற்றை மேய்ப்பவர் என்று ஓர் இனம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். மொட்டைமாடிக்கு வெள்ளையடித்து, மேற்குச் சுவரில் பச்சைக் கொடி படரவிட்டு, மாடிப்படிக்கு மேலே சூடு வெளியேற ஒரு திறப்பு வைத்து, அந்தத் திறப்பை அண்ணாந்து பார்த்தபடி, ஊருக்குக் கிளம்பிய உறவினரை பஸ் ஏற்றிவிட்டவர் போல நிம்மதியாக நிற்பார். என்ன பார்க்கிறார்? சூடு போகிறதாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வது அத்தனையும் சரி. அதுதான் தொல்லை.

எனக்குத் தெரிந்த மேய்ப்பவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர். விடிவதற்கு முன்பே எழுந்து எல்லா ஜன்னல்களையும் திறந்து இரவின் குளிர்ச்சியை வீட்டுக்குள் ஓட்டிவிடுவார். வெயில் தலை காட்டியதும் ஒவ்வொன்றாக மூடி, தடித்த திரைகளை இழுத்து, கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைத்து, வீடு மொத்தத்தையும் ஒரு ஃபிளாஸ்க் போல இறுக்கிவிடுவார். யாராவது வெளியே போவதென்றால் வாசலில் சிறு பதற்றம் நடக்கும். "போ, போ, சட்டுனு போ. உள்ள வருது பாரு." வருவது திருடனல்ல. காற்று.

விருந்தாளிகளைப் பற்றியும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், எரியும் நூறு வாட் பல்புக்குச் சமம் என்று எங்கோ படித்திருக்கிறார். மனைவியின் அண்ணன் ஒருமுறை குடும்பத்தோடு வந்தபோது, வாங்க என்று சொல்வதற்கு முன்னால் அவர் உதடு எண்ணியது. "நாலு பல்பு."

"என்ன மாப்பிள்ளை, என்ன எண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான். தள்ளித் தள்ளி உட்காருங்க."

குளிர்காலம் வந்தால் அதே மனிதர் அப்படியே கட்சி மாறிவிடுவார். வெயில் விழும் ஜன்னலோரம் கறுப்புப் பெயின்ட் அடித்த தண்ணீர் டிரம்கள் வரிசையாக நிற்கும். பகலில் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் சூட்டைத் திருப்பித் தருமாம். தருகின்றன என்பதும் உண்மை. தரையில் ஒரு வெயில் சதுரம் விழும். அது நகர நகர, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குடும்பமும் நகர வேண்டும். காலையில் ஹாலில் தொடங்கிய ஒரு பேச்சு மதியம் பீரோவுக்கு அருகில் முடிவதை நானே கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட அவர் மனைவிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மேற்கு ஜன்னல். அவர் வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் மெஷின் அந்த ஜன்னலடியில்தான் இருக்கிறது. வேறு எங்கும் அதற்கு இடமில்லை.

"மதியத்துக்கு மேல கொஞ்ச நேரம் திறந்து வைங்க. ஊசி எங்க, துணி எங்கன்னு தெரியல."

"மேற்கு வெயில் பொல்லாதது. அரை நாள் பிடிச்சு வச்ச குளிர்ச்சி அரை நிமிஷத்துல போயிடும்."

"அப்ப பெரிய லைட்டாவது போடுங்க."

"லைட்டும் சூடுதான்."

கடைசியில் அனுமதி கிடைத்தது, சுண்டுவிரல் உயர விளக்கு ஒன்றுக்கு. அது எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருக்கோடியில் குடியிருக்கும் இளம் வக்கீலம்மா தன் கறுப்புக் கோட்டை வாங்க வந்தார். மறுநாள் கோர்ட்டில் முதல்முறையாக எழுந்து நின்று தனியாக வாதாடப் போகிறார். மேய்ப்பவர் மனைவியின் கையால் தைத்த கோட்டுதான் வேண்டும் என்று மற்ற கடைகளைத் தாண்டி இங்கே கொடுத்திருந்தார். ஹாலின் அந்தி போன்ற மங்கல் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தார். தோள் அளவாக உட்கார்ந்தது. "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குக்கா." "அளவெடுத்துத்தான்மா செஞ்சேன்." இருவரும் சிரித்தார்கள். மேய்ப்பவர் கதவை ஒரு ஆள் அளவுக்குத் திறந்து அவரை வெளியே விட்டு, உடனே சாத்தினார்.

தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வெயில்ல வந்து பாருங்களேன்."

வெயிலில் போய்ப் பார்த்தார்கள். கோட்டு கறுப்பு. இடது கை கறுப்பு. வலது கை நல்ல கருநீலம். டிரைவர் ஒருவருக்கு யூனிஃபார்ம் தைக்க வாங்கிய துணி அதே மேசையில் கிடந்திருக்கிறது. இருட்டில் இரண்டும் ஒரே நிறம்.

மேய்ப்பவரின் மனைவி கோபப்படவில்லை. கோட்டை வாங்கிக்கொண்டார். "சாயங்காலம் வாம்மா. நீ போட்டுக்கிட்டுத்தான் நாளைக்கு நிப்ப." உள்ளே வந்தார். மேற்கு ஜன்னலின் திரையை ஒதுக்கி, தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவுகளையும் சுவரில் இடிக்கும் வரை தள்ளினார். வெயில் மேசைமேல் விரிந்து விழுந்தது. எத்தனை நாள் தூசி அந்த அறையில் மிதந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"சூடு உள்ள வருதே" என்றார் மேய்ப்பவர்.

"வரட்டும். வந்து ஊசியில நூல் கோத்துக் குடுக்கட்டும்."

மேய்ப்பவர் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். மனைவி கறுப்புத் துணியில் புதுக் கை வெட்ட, அவர் கையில் பிளேடு கொடுக்கப்பட்டது. நீலக் கையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூக்கு நுனியில் வியர்வை நின்று, யோசித்து, விழுந்தது.

"துணியில விழாம பாத்துக்குங்க."

"பாத்துக்கிறேன்." பாதிக் கை பிரித்ததும் மெதுவாகக் கேட்டார். "ஒரு கதவை மட்டும் லேசா சாத்தவா?"

"தையல் எனக்குத் தெரியுற அளவுக்கு சாத்துங்க."

எழுந்து போனார். கதவில் கைவைத்து, திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணைச் சுருக்காமல் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். கதவை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் வக்கீலம்மா வந்து, இரண்டு கைகளையும் வாசல் வெயிலில் நீட்டிப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே போட்டுக்கொண்டு போனார்.

அது இருக்கட்டும். நீங்கள் இதைப் படிக்கும்போதே, "அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் சாய்வாக ஒரு தட்டி கட்டியிருந்தால் போதுமே, வெயில் வெளியே நிற்கும், வெளிச்சம் உள்ளே வருமே" என்று உங்களுக்குத் தோன்றியதா? அருமையான யோசனை. சரியான யோசனையும்கூட. அதை எடுத்துச் சொல்ல எழுந்திருப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு அடுத்த அறையில் யார் எந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.