பதினேழாம் எண் உணவகம்

மொத்தக்கடையிலிருந்து உணவகத்தைப் பார்வையிட ஆள் வர இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. உணவகம்தான் இல்லை.

பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் கணவர் மொத்தக்கடை அனுப்பிய கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தார். "பதினேழாம் எண் உணவகத்தின் உரிமையாளருக்குன்னு போட்டிருக்கு. யாரு அது?"

"நான்தான்," என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் கடையில உணவகக்காரங்களுக்கு மட்டும்தான் சரக்கு. வெளியில விக்கிறதுல பாதி விலை. படிவத்துல உணவகத்தோட பேரைக் கேட்டாங்க. நம்ம வீட்டு நம்பரை எழுதினேன்."

நான்கு மாதங்களாக வீட்டில் அரிசியும் முட்டையும் குறையாமல் இருந்த ரகசியம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கோபப்பட வேண்டிய இடம். ஆனால் முதலில் வந்தது வியப்புதான். தலைகீழாக நின்றாலும் தனக்கு இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

அதன் பிறகுதான் வேலை நினைவுக்கு வந்தது.

"எங்க ஆபீஸ்ல வெளித்தொழில் பண்ணினா வேலை போயிடும், தெரியுமில்ல? போன வருஷம் வீட்டுல தையல் மெஷின் வச்சிருந்தாருன்னு பியூனையே அனுப்பிட்டாரு மேலாளர்."

"நாம எங்க தொழில் பண்றோம்? ஒரு மணி நேரம் பண்ற மாதிரி இருக்கப் போறோம். போய் அலமாரிக் கதவைக் கழட்டுங்க."

அலமாரிக் கதவு பெயர்ப்பலகை ஆனது. கூடத்தில் மூன்று மேஜைகள் முளைத்தன. ஒன்று சொந்தம், ஒன்று கீழ்வீட்டுத் தையல்காரருடையது, ஒன்று போர்வை போர்த்திய டிரங்குப் பெட்டி.

மறுநாள் வந்தவர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். "எல்லாம் சரி. சாப்பிடறவங்க ஒருத்தரையும் காணோமே?"

"ஏழு மணிக்கு மேலதான் வருவாங்க."

"அப்ப இருந்து பார்த்துட்டே போறேன்," என்று பெட்டியின் மேல் சாய்ந்து நின்றார்.

கணவர் பின்பக்கப் படியில் இறங்கித் தையல்காரர் வீட்டுக்கு ஓடினார். "ஓசிச் சாப்பாடா? கூப்பிடணுமா தம்பி!" என்ற தையல்காரர் மனைவியோடு மட்டும் வரவில்லை. மச்சானையும் அவர் குடும்பத்தையும் சேர்த்து ஏழு பேராக வந்தார். மனைவி இருந்த உருளைக்கிழங்கையும் முட்டையையும் போட்டு ஒரு சூப் வைத்தாள். மொத்தக்கடைக்காரரும் ஒரு கிண்ணம் வாங்கி, வழித்துக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு சொல்றேம்மா. பலகையை இறக்கிடாதீங்க. இந்த மாசம் பூரா சொல்லாம கொள்ளாம வருவோம். பலகை இல்லைன்னா போலின்னு போலீசுக்கு எழுதிடுவாங்க."

பலகை தொங்கியது. அடுத்த நாள் மாலை முன்பின் தெரியாத இரண்டு பேர் படியேறி வந்து உட்கார்ந்தார்கள்.

"விலையை ரெண்டு மடங்கா சொல்லு. தானா ஓடிடுவாங்க," என்று கணவர் அடுக்களையில் கிசுகிசுத்தார். சொன்னாள். மூன்றாம் நாள் பதினொரு பேர் வந்தார்கள். "இவ்வளவு வாங்கறாங்கன்னா சரக்கு இல்லாமலா இருக்கும்?" என்று படியில் பேச்சு.

"சூப்பைத் தவிர ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிப் பாரேன்."

அதையும் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணுதான் செய்வாங்களாம். என்ன தைரியம் பாரு!" நான்காம் நாள் வரிசை தையல்காரரின் வாசல்வரை போனது. கிண்ணங்களைக் கழுவியபடி கணவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். நாற்பது பேருக்கு ஊற்றினாலும் ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பயத்திலும் பெருமையாக இருந்தது.

ஆறாம் நாள் மேலாளர் அவருடைய மேஜைக்கே வந்துவிட்டார். "உங்க வீட்டுப் பக்கம் ஏதோ புது உணவகமாமே? ஆபீஸ் பூரா அதே பேச்சு. சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க."

தன் வீட்டுப் படியில் தானே வரிசையில் நின்றார் கணவர்.

"வாங்க சார், ரெண்டு பேரா?" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். கணவரிடம் திரும்பி, "நீங்க முதல் தடவையா வர்றீங்களா?"

"ஆ... ஆமாங்க."

"கையைக் கழுவிட்டு வாங்க."

குளியலறை விளக்கின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது. பழக்கதோஷத்தில் பார்க்காமலே போட்டார். மேலாளர் பார்த்தார்.

மேலாளர் இரண்டு கிண்ணம் குடித்தார். "அபாரம்!" மூன்றாவதில் அவர் கண் சுவருக்குப் போனது. "அந்தக் கல்யாண போட்டோவுல இந்தம்மா பக்கத்துல நிக்கறது..."

"என்னை மாதிரியே ஒருத்தர், சார்."

"உங்க கண்ணாடியையும் மாட்டியிருக்காரே."

கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மனைவி கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாள். "தப்பு என்னுது சார். இது உணவகமே இல்லை. மொத்தக்கடையில வீட்டுச் சாமான் வாங்கறதுக்காக நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும் சார்," என்றார் கணவர். தன் குரலைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம். "பாதி விலையில குடும்பத்தை நடத்தறா. இதைக் குத்தம்னு சொல்ல எனக்கு வாய் வராது. வேலை போனா போகட்டும்."

"பொய் சொல்லி மொத்தக்கடையில வாங்கறதா?" மேலாளர் எழுந்தே விட்டார். "வெளித்தொழிலைவிட மோசம்யா அது! மானமுள்ள குடும்பத்துல ஒருத்தருக்கு இப்படி யோசனை வருமா? நாளைக்குக் காலையில வந்து உங்க வேலைநீக்கக் கடிதத்தை வாங்கிக்குங்க!"

அப்போது மொத்தக்கடையின் வண்டிக்காரர் தோளில் எண்ணெய் டின்னோடு உள்ளே நுழைந்தார். மேலாளரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, சாரும் இங்கதானா! உங்க உணவகத்து அரிசி மூட்டை ரெண்டையும் எப்பவும் போல உங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயே தள்ளிட்டேன் சார்."