வெடிச் சத்தத்துக்குத் தலையை இழுக்காத ஆமை

நாரணாபுரம்

அன்புள்ள இன்பம் அக்காவுக்கு,

தங்கை ஜாஸ்பின் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் சுகம். ஓர் ஆமையின் சுகம் மட்டும்தான் தெரியவில்லை. அதற்காகவே இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுகிறாய்.

தீபாவளி சீசன் தொடங்கி பட்டாசுக் கம்பெனிகளில் வெடி சோதிக்க ஆரம்பித்ததும் எங்கள் நாய் கட்டிலுக்கடியில் புகுந்து சோற்றையே தொடாமல் கிடந்ததும், அதை மல்லாங்கிணறு கொழுந்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து மகள் கிருபா என்னிடம் பேசுவதில்லை. எது கேட்டாலும் 'ம்' மட்டும்தான். அதனால் சத்தத்துக்கு அஞ்சாத ஒரு பிராணியாகப் பார்த்து ஆமை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறார் அடுத்த வீட்டு ராக்காயி. ஆமை புகுவதில் எனக்குப் பயமில்லை அக்கா, புகுந்த பிறகு செத்துப்போவதில்தான். இன்னொன்றும் போய்விட்டால் அந்த 'ம்' கூட மிஞ்சாது.

சிவகாசியில் சங்கிலிமுத்து என்பவரின் மீன் தொட்டிக் கடைக்குப் போனேன். நம் நாட்டு ஆமையை விற்றால் வனத்துறை வரும், இது காதோரம் சிவப்புக் கோடு உள்ள வெளிநாட்டு ஆமை என்று அவரே சொல்லிவிட்டார். கண் வீங்கியிருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, ஓடு மெத்தென்று இருக்கிறதா, நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "ஏக்கா, பொண்ணு பாக்க வந்த மாமியாகூட இம்புட்டு பாக்க மாட்டாகளே. வாங்கப் போறீகளா, வைத்தியம் பாக்கப் போறீகளா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு வெடி. தொட்டியிலிருந்த ஆமைகள் எல்லாம் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டன, ஒன்றைத் தவிர. அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. ஆரோக்கியமான ஆமை என்றால் அதிர்ச்சிக்குத் தலையை இழுக்க வேண்டும் என்று நான் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்களே! கேட்டேன். "மத்ததுக நேத்து மெட்ராஸ் லோடுல வந்ததுக. இது போன சீசன்ல இருந்து இங்கன கெடக்கு. எல்லா வெடிக்கும் தலைய இழுத்துக்கிட்டிருந்தா எப்பக்கா சாப்பிடும்?" என்றார்.

நியாயம்தான். ஆனால் அது பழக்கமா, செவிடா? கடையிலிருந்த எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். ஆமை அசையவில்லை. அடுத்த கடைக்காரர்தான் ஓடி வந்தார். பயப்படும் ஆமை ஆரோக்கியமானது, ஆனால் தீபாவளிக்குள் நாயைப் போலப் பட்டினி கிடக்கும். பயப்படாதது நன்றாகச் சாப்பிடும், ஆனால் நோயாளியாக இருக்கலாம். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பயப்படுவதுதான் ஆரோக்கியத்தின் அடையாளம் என்றால், நம் குடும்பத்தில் என்னைப்போல ஆரோக்கியசாலி யாருமில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். குழந்தைகள் வார்டிலேயே காலம் கழித்த நர்ஸ் நீ. அழாத பிள்ளையைக் கண்டால் சந்தோஷப்படுவாயா, டாக்டரைக் கூப்பிடுவாயா? அதை எழுது, போதும். உன் பதில் வரும்வரை வாங்க மாட்டேன். என் வீட்டுக்காரரையும் வாங்க விட மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள், முடிந்தால் அந்த ஆமையையும்.

அன்புத் தங்கை,
ஜாஸ்பின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இவரும் கிருபாவும் டப்பாவும் கையுமாக உள்ளே வந்தார்கள். நான் வீட்டில் புலம்பியதைக் கேட்டு வாங்கி வந்த அதே ஆமை! டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். தலை, கால், வால் எல்லாம் ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டன. "பயப்படுது! நல்லாத்தான் இருக்கு!" என்று கத்திவிட்டேன். "அம்மா, அது வெடிக்குப் பயப்படல, ஒனக்குத்தான் பயப்படுது. கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள் கிருபா. நாய் போன பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு இது. பதில் எழுத வேண்டாம் அக்கா. நான் தள்ளித்தான் நிற்கிறேன்.