இருபது டிகிரி டெவலப்பர்

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆசீர் சார் சபதம் போட்டார். திருச்சி பாலக்கரையில் எவனும் செய்யாததைச் செய்வது. பிலிமைத் தன் கையாலேயே கழுவிப் படம் போடுவது. போனில் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறதே என்றால், "அதெல்லாம் படமா?" என்பார்.

மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து சாமான்கள் வந்தன. மலைக்கோட்டைக் கடைத்தெருவிலிருந்து பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. பிறகு நாற்றம் வந்தது. அசிட்டிக் அமில நெடிக்கு மாடிவீட்டுக்காரர்கூடத் தும்மினார். கழுவின படம் அழியாமல் நிற்க ஊற்றும் ஹைப்போவின் வாடை வேறு, அழுகின முட்டையைத் தீக்குச்சியோடு சேர்த்து வறுத்த மாதிரி.

ஆனால் சார் கெமிஸ்ட்ரி வாத்தியார். கையுறை, கண்ணாடியெல்லாம் மாட்டி நின்றால் ஆபரேஷனுக்குக் கிளம்பிய டாக்டர்தான். மனைவி ஃபெமினாவின் குழம்புக் கரண்டியால், பிலிமில் உருவத்தை வரவழைக்கும் டெவலப்பர் தூளைக் கலக்கினார். அவள் கரண்டியைத் திருப்பிக் கேட்டதும் பிரசங்கமே வைத்துவிட்டார்.

"கெமிக்கல் பட்ட சாமான் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது, ஃபெமி. கழுவினாலும் கூடாது. இது சட்டம்!"

"அப்ப எனக்குக் கரண்டி?"

"புதுசு வாங்கிக்க."

ஃபெமினா அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளாக அந்த வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தது புது ஃப்ரிட்ஜ். வீட்டில் இருப்பது, சார் கல்யாணத்துக்கு முன்னாலேயே செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கதவு சாத்தினால் நிற்காது, நாற்காலியை முட்டுக் கொடுக்கணும். ராத்திரியெல்லாம் லாரி மாதிரி உறுமும். கேட்டால், "ஓடுதுல்ல? அரியமங்கலத்துல மெக்கானிக் இருக்கான், பாத்துக்கலாம்" என்பார்.

கேமராவில் போட்டிருந்த பிலிமில் கடைசியாக ஒரு படம் பாக்கியிருந்தது.

"மலைக்கோட்டையவே சுத்திச் சுத்தி எடுத்தீங்களே, எங்களையும் ஒண்ணு எடுங்க" என்று ஃபெமினா, குழந்தை அனிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றாள்.

"அங்க எதுக்குடி?"

"அங்கதாங்க வெளிச்சம் இருக்கு."

சார் கவனமெல்லாம் அந்த வெளிச்சத்தின் மேல். லென்ஸ் வளையத்தைத் திருகினார், மூச்சைப் பிடித்தார், அழுத்தினார்.

பிலிம் கழுவுகிற சனிக்கிழமையும் வந்தது. மே மாதம். தொட்டித் தண்ணீரில் முட்டை வேகும்.

"டெவலப்பர் இருபது டிகிரியில இருந்தாத்தான் சரியா வரும்" என்று சார் தவித்தார்.

"இந்த வெயில்ல இருபது டிகிரிக்கு எங்கங்க போவீங்க? ஊட்டிக்கா?" என்று உச்சுக்கொட்டியபடி ஃபெமினா ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுத்தாள். கதவை மூடவில்லை. ஜில்லென்ற காற்று சார் காலில் பட்டது.

சார் முகம் மலர்ந்தது. டெவலப்பர், ஹைப்போ இரண்டு பாட்டிலையும் இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவே சொருகினார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

பிலிம் பிரமாதமாக வந்தது. அதைப் பெருமையாகக் கொடியில் மாட்டிவிட்டு வெளியே வந்தால், ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் தரையில் இருந்தது.

"என்னடி இது?"

"கெமிக்கல் வெச்ச பெட்டிங்க. அடுக்களைக்கு ஆகாது. சட்டம்."

"பாட்டில் மூடித்தானே இருந்துச்சு!"

"மூடி இருந்தா தயிர் ஏங்க நாறுது? புள்ள வாயில வெக்கிறதுங்க. உங்க லேப்ல ஒரு பையன் இப்படிப் பண்ணா விடுவீங்களா?"

சார் தயிர்ப் பாத்திரத்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"சரி, புதுசு வாங்கிக்க. ஆனா பழசு எனக்குத்தான்!"

இதிலும் ஜெயித்தது தான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். டெவலப்பருக்கென்றே தனி ஃப்ரிட்ஜ் இந்தத் திருச்சியில் வேறு எவனிடம் இருக்கிறது?

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சிவப்பு விளக்கைப் போட்டு, பிலிம் வழியே வெளிச்சம் காட்டிய முதல் காகிதத்தை டெவலப்பர் தட்டில் முக்கினார். மெல்ல மெல்ல உருவம் எழும்பியது. முதலில் ஃபெமினாவின் சிரிப்பு. பிறகு ஃப்ரிட்ஜ். பிறகு குழந்தையின் கை. அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி ஃபெமினா டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். கேமராவுக்கு இல்லை. இரண்டு முகமும் ஃப்ரிட்ஜைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

சார் நன்றாகக் குனிந்து பார்த்தார். சந்தேகத்துக்கே இடமில்லை. முதல் படமே அவ்வளவு தெளிவாக வந்திருந்தது.